இரண்டும் இடது கால்

மாப்பைப் பிழிந்து பிழிந்து முன்னறையிலிருந்து அடுப்படி வரை வீட்டைத் துடைப்பது ஜெரோம். கட்டிலின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, டீ டம்ளரும் கையுமாகத் தரையைப் பார்ப்பது ரூத். துடைத்து முடித்ததும் எல்லார் வீட்டிலும் ஃபேனைப் போடுவார்கள். சதுரங்கப்பட்டினத்தில் இந்த ஒரு வீட்டில் மட்டும் சுவிட்ச் பக்கம் கை போனால், "இன்னா அவசரம், தானா காயட்டும்" என்று கட்டிலிலிருந்து குரல் வரும். தரை ஈரமாக இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் ரூத்துக்குப் பேப்பர் படிக்கிற நேரம்.

பக்கத்து வீட்டு வரலட்சுமி உறை மோர் கேட்டு வருவாள், வாங்கிக்கொண்டு போவாள். அவள் படி இறங்கியதும், ஈரத் தரையில் அவள் விட்டுப்போன காலடிகளை ரூத் கட்டிலிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

"வரும்போது ஆடி அசைஞ்சி வந்துகீறா. போவும்போது பாரு, குதிகாலே படல. ஓடிகீறா. அடுப்புல இன்னாத்தையோ வெச்சிட்டு வந்துகீது அது."

சொல்லி முடிப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பால் தீய்ந்த வாசனை வந்தது. இது நடந்தது ஒரே ஒரு முறை. ரூத் சொன்னது பல முறை.

தெருவில் சிமெண்ட் ரோடு போட்டபோது, காயாத சிமெண்டில் ஒரு நாய் குறுக்கே ஓடிவிட்டது. மேஸ்திரி கல்லை எடுத்து நாயைத் துரத்தினார். ரூத் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ரோட்டோரம் குந்திவிட்டாள். "முன்னங்கால் வெச்ச எடத்துலயே பின்னங்காலையும் வெச்சிகினு போயிகீது பாருங்க. நல்ல சுறுசுறுப்பான நாயி." அதைத் தேய்த்து மூடக் கூடாது என்று மேஸ்திரியிடம் வாதாடிப் பார்த்தாள். அவர் தேய்த்து மூடினார்.

ரூத்துக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. குள்ளம், தடித்த கண்ணாடி. நகக்கண்ணில் எந்நேரமும் வெள்ளையாக பிளாஸ்டர், முழங்கையில் அங்கங்கே ரெசின் காய்ந்த பொட்டுகள். இரண்டு பாதமும் வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி அகட்டி வைத்து வேகமாக நடப்பாள். ஊருக்கெல்லாம் தடம் பார்க்கிறவளுக்குத் தன் தடம் எப்படி இருக்கும் என்று கேட்டால் ஜெரோம்தான் பதில் சொல்வார்: "வாத்து."

வேலை பூஞ்சேரி பக்கம், லட்சுமணனின் ஃபைபர் ஷெட்டில். ரிசார்ட்டுக்கு அருவிப் பாறை, ஐஸ்கிரீம் கடைக்கு ஆள் உயரக் கோன், டிசம்பரில் கிறிஸ்துமஸ் தாத்தா, ஆவணியில் பிள்ளையார், வருஷம் முழுக்க ஒட்டகச்சிவிங்கி. களிமண்ணில் உருவம் பிடிப்பது சிற்பக் கல்லூரியில் படித்த பையன்கள். அதற்கு மேல் பிளாஸ்டர் ஊற்றி மோல்டு எடுப்பது ரூத்தும் இன்னும் இரண்டு பெண்களும். கல்யாணத்துக்கு முன்னால் கருங்குழிப் பக்கம் அம்மாவோடு கூலிக்கு நடவு நட்டவள்தான். அப்போதும் சேறுதான், காலடிதான். ஆனால் குனிந்தபடி அவள் பார்த்ததெல்லாம் வரப்பு இன்னும் எவ்வளவு தூரம் என்பதை மட்டும்.

தடத்தைப் பார்க்கிற பழக்கம் வந்தது ஒரு தப்பினால்.

வடக்கே ஏதோ ஓர் ஊரில் பிள்ளைகளுக்கான அறிவியல் பூங்கா. அதில் நடைபாதை முழுக்கப் பழங்காலத்து ராட்சத ஊர்வனவற்றின் காலடித் தடங்கள் வேண்டும் என்று ஷெட்டுக்கு ஆர்டர் வந்தது. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் சேற்றில் நடந்து, சேறு காய்ந்து, மேலே மண் மூடி, கல்லாகவே இறுகிப்போன தடங்கள். அதே மாதிரி ஃபைபரில். லட்சுமணன் ஆசாரியிடம் சொல்லி ஒரு மரக்கால் செய்து கொடுத்தார். மூன்று விரல், நீள நகம். ரூத் அதைத் தூக்கித் தூக்கிக் களிமண்ணில் குத்தினாள். இடைவெளி, ஆழம் எல்லாம் படத்தில் இருந்தபடியே வந்தது. விளக்கு போட்டுப் பார்த்தால் அவளுக்கே பயமாக இருந்தது.

பூங்கா கட்டுகிற கம்பெனியிலிருந்து பார்க்க வந்தவள் பிரதீபா. மண்ணையும் பாறையையும் படித்த பெண், முப்பது வயது இருக்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பார்த்துக்கொண்டே போனாள். திரும்பி வந்தாள். சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, இது நடந்து போகல. நொண்டி ஆடிட்டுப் போகுது. எல்லாமே இடது கால்."

மூன்று விரல் கால் பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் உள்பக்க விரல் கொஞ்சம் குட்டை. வலதுக்குத் தனி அச்சு வேண்டும் என்று லட்சுமணனுக்கும் தோன்றவில்லை, ரூத்துக்கும் தோன்றவில்லை. லட்சுமணன் மரக்காலைப் பார்த்தார், ரூத்தைப் பார்த்தார், கடைசியில் பழியை ஆசாரி மேல் போட்டார். ரூத்துக்கு அங்கே சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து சோறு போடும்போதுதான் வந்தது. "ரெண்டும் எடது காலுன்னா, அது செருப்புக் கடைக்குப் போனா இன்னா பண்ணும்?" என்று கேட்டுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

வலது கால் செதுக்கி எல்லாவற்றையும் மறுபடி போடும் வரை பிரதீபா ஷெட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். வரும்போதெல்லாம் ஏதாவது சொல்வாள். எலும்பு, செத்த பிறகு கிடைத்தது. தடம், உயிரோடு ஒரு நாள் எங்கேயோ போகும்போது வைத்தது. பாதத்தின் நீளத்தை நாலால் பெருக்கினால் அதன் இடுப்பு உயரம் ஏறக்குறைய வந்துவிடும். காலை எடுத்து வைக்கிற எட்டு நீண்டிருந்தால் ஓட்டம், குறுகியிருந்தால் நடை. தடங்கள் ஒரே கோட்டை ஒட்டி விழுந்தால் மாடு மாதிரி வயிற்றுக்குக் கீழே கால். அகன்று விழுந்தால் ஓணான் மாதிரி பக்கவாட்டில் கால். வால் இழுபட்ட கோடு அநேகமாக எங்கேயுமே இல்லை, அதனால் வாலைத் தூக்கிக்கொண்டுதான் நடந்திருக்கிறது. ஒரு எட்டு நீளம், ஒரு எட்டு குட்டை, மறுபடி நீளம், மறுபடி குட்டை என்று போனால் அதற்கு ஒரு காலில் ஏதோ கோளாறு.

"கோடி வருசம் ஆயி, காலு வலிச்சத இப்ப கண்டுபுடிக்கிறாங்க" என்று ரூத் வீட்டில் சொன்னாள். "அது நொண்டுனத அன்னிக்கி ஒருத்தரும் பாத்திருக்க மாட்டாங்க, பாவம்."

"பாத்திருந்தா மட்டும் இன்னா, ஆஸ்பத்திரிக்கா இட்டுகினு போயிருப்பாங்க?" என்றார் ஜெரோம்.

அன்றிலிருந்து ரூத்தின் கண் தரையிலேயே இருக்கிறது. மாதாகோவில் வாசல் மணலில், மீன் மார்க்கெட் ஈரத்தில், கோட்டைக்குப் பின்னாலிருக்கிற கடற்கரையில். அவள் சொல்வதெல்லாம் சரியாக இருக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மாசி மாதம் ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலத்தில், தண்ணீரிலிருந்து படகு வரை மணலில் அகலமாக இழுபட்ட தடம் ஒன்றைப் பார்த்தாள். ஒரு ஓரத்தில் மட்டும் கீறல். ஒரு பக்கத் துடுப்பு போன ஆமை என்று முடிவு கட்டி, நாய் வந்து முட்டையைத் தோண்டிவிடப் போகிறது என்று நாலு பேரைக் கூட்டிவிட்டாள். தடத்தோடு போய்ப் பார்த்தால் மீன் வியாபாரி எல்லப்பன், ஒரு சக்கரம் போன ஐஸ் பெட்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து படகு நிழலில் உட்கார்ந்திருந்தான். இன்றைக்கும் அவளைப் பார்த்தால், "அக்கா, உன் ஆமை இன்னிக்கி வஞ்சிரம் போட்டுகீது, வேணுமா?" என்பான்.

இவ்வளவு சிரிப்புக்கு நடுவில், போன மழைக்காலத்திலிருந்து அவளைப் பிடித்துக்கொண்டிருப்பது ஜெரோமின் வலது கால்.

ஜெரோம் பஸ் டிரைவர். கல்பாக்கத்தில் கிளம்பி, கேளம்பாக்கம் ஃப்ளாட்டுகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஐ.டி. கம்பெனிக்கு இரண்டாம் ஷிப்ட் ஓட்டுகிறார். மதியம் சாப்பிட்டுவிட்டுப் போனால் போதும். வீடு துடைத்தால் அந்த ஈரத்தில் முதலில் கால் வைக்கிற ஆள் இந்த வீட்டில் எப்போதும் அவர்தான். கல்யாணமான நாளிலிருந்து அதற்காகத் திட்டு வாங்குகிறவர். மழை விட்ட ஒரு நாள் ரூத் துடைத்து முடித்த கையோடு, வழக்கம்போல அவர் முன்னறையைக் கடந்து தண்ணீர் குடிக்கப் போனார். திட்ட வாயெடுத்த ரூத் தரையைப் பார்த்தாள். இடது பாதம் சுத்தமாக இருந்தது. வலது பாதத்தின் பெருவிரலுக்கு முன்னால் ஈரம் தீற்றிவிட்ட மாதிரி இழுபட்டிருந்தது. ஒன்றில் இல்லை, ஒவ்வொன்றிலும்.

"ஜெனிட்டாப்பா, வலது கால இன்னாத்துக்கு இஸ்துகினு போற?"

"செருப்பு வாரு லூசு மே."

"வூட்டுக்குள்ள எங்கய்யா செருப்பு போட்ட?"

ஜெரோம் காலைப் பார்த்தார். "அப்ப நகமா இருக்கும்."

நகத்தை வெட்டிவிட்டாள். இழுப்பு அப்படியே இருந்தது. ஒரு எட்டு நீளம், ஒரு எட்டு குட்டை. நரம்பா, சர்க்கரையா, முதுகுத் தண்டா, அவளுக்கு என்ன தெரியும். தெரிந்தது ஒன்றுதான்: பிரேக்கை மிதிக்கிற கால் அது. ஒரு தடவை அந்த பஸ்ஸில் ஓசியில் போயிருக்கிறாள். காதில் வயரை மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்து தூங்குகிற பிள்ளைகள். ஒருத்தர்கூட ரோட்டைப் பார்க்கவில்லை.

"செங்கல்பட்டு ஆஸ்பத்திரில காட்டிடலாம். ஒரு நாள் லீவு போடு."

"லீவு எதுக்குன்னு காண்ட்ராக்டரு கேப்பான். டிரைவரு நொண்டறான்னு ஒருத்தன் வாயில வந்தா போதும், சாவி வேற ஆளு கைக்கு பூடும். அப்பால நான் வூட்ல குந்திகினு உனக்கு வெங்காயம் உரிக்கணும்."

"உரியேன். பிரேக்கு மிதிக்கற காலுய்யா அது."

"இத்தினி நாளு மிதிக்கலயா? எங்கயாச்சும் இடிச்சனா? சும்மா பேஜாரு பண்ணிகினு. ஐஸ் பொட்டிய ஆமன்னு சொன்னவதான நீ?"

ஐஸ் பெட்டி உண்மைதான். கருங்குழியில் கட்டிக்கொடுத்த மகள் ஜெனிட்டாவுக்குப் போன் போட்டாள். அவளும் சிரித்தாள். "அம்மா, அப்பாவ டைனோசர் ஆக்காத. வயசாவுது, அவ்ளோதான்."

அடுத்த வாரம் ஜெரோம் தானாகவே மாப்பை எடுத்தார். "நீயும் வேலைக்குப் போற, முதுகு வலின்னு சொல்லிகினு கீற. குடு, நான் துடைக்கறேன்." ரூத்துக்குத் தலைகால் புரியவில்லை. வரலட்சுமியிடம் சொன்னாள், ஷெட்டில் சொன்னாள். லட்சுமணன் வீட்டிலும் இதனால் ஒரு சின்ன சண்டை வந்ததாகக் கேள்வி. ஜெரோம் நன்றாகவே துடைத்தார். மூலை முடுக்கெல்லாம் மாப்பை விட்டு, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து வாசலுக்கு வந்து, வெளியே பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்துகொள்வார். தரை முழுக்கக் காய்கிற வரை உள்ளே காலெடுத்து வைப்பதில்லை.

இதைப் புரிந்துகொள்ள ரூத்துக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. ஈரத்தில் நடக்காதே என்று காலமெல்லாம் கத்தியும் கேட்காத மனுஷன், இப்போது நல்ல பிள்ளையாக வாசலில் காத்திருக்கிறார். அன்றைக்கு அவள் கையிலிருந்த டீ ஆறிப்போயிற்று. 'உள்ள வாயேன்' என்று கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று நினைத்தாள். கூப்பிடவில்லை.

போன மாதம் பிரதீபா இன்னொரு ஆர்டரோடு வந்தாள். ராட்சதக் காலடிக்குப் பக்கத்திலேயே மனுஷன் நடந்து போன தடமும் வேண்டுமாம். பிள்ளைகள் இதிலும் அதிலும் கால் வைத்துப் பார்த்து வித்தியாசம் தெரிந்துகொள்ள. "நம்ம ஜெரோம் அண்ணாத்தய கூப்டு. ஆளு நல்லா ஒசரம், பாதமும் பெருசு" என்றார் லட்சுமணன். வேறு ஆளைப் பாருங்கள் என்று ரூத் சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது, "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி இட்டாறேன்."

ஜெரோமுக்குப் பெருமை தாங்கவில்லை. பூசைக்குப் போன வெள்ளைச் சட்டையோடு, ரூத்தின் ஸ்கூட்டியில் அவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். "பார்க்குல நம்ம காலு இருக்கும் மே. நம்ம பேரனுங்க பேரன்லாம் வந்து பாப்பான். பேரு எழுதுவாங்களா?"

"காலுக்கு எவன்யா பேரு எழுதுவான்."

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஷெட்டில் லட்சுமணனைத் தவிர ஆள் இல்லை. பாதி தலை முளைத்த ஒட்டகச்சிவிங்கி ஒன்று ஓரமாக நின்றது. நடுவில் லாரி நீளத்துக்குக் களிமண் படுகை, ரூத் முந்தின நாளே பிசைந்து, தட்டி, சாக்கு மூடிப் பதம் வைத்தது. ஜெரோம் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு ஏறினார். நெஞ்சை நிமிர்த்தி, காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்.

"அண்ணாத்த, மிலிட்டிரி வேணாம்" என்றார் லட்சுமணன். "வூட்டுல நடக்கற மாரி நடங்க. நான் தேச்சி வுட்டுடறேன், இன்னொரு தபா."

தேய்த்து விட்டார். ஜெரோம் மறுபடி ஏறினார். இந்தத் தடவை ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்து, "இன்னா, இதுக்கு இன்னும் காது வெக்கலயா?" என்று பேசிக்கொண்டே நடந்தார். மறுமுனையில் இறங்கி, குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு, சிரித்த முகமாகத் திரும்பி வந்தார்.

"எப்டி கீது? சோக்கா கீதா?"

லட்சுமணன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எடது காலு சூப்பரு. வலது காலுதான் எல்லாத்துலயும் இஸ்துகினு கீது. மண்ணுல தண்ணி சாஸ்தியா ரூத்து?"

"மண்ணு சரியாத்தான் கீதுண்ணே."

ஜெரோம் அப்போதுதான் பார்த்தார். ரூத்துக்கு மழைக்காலத்திலிருந்து பழகிய தடம். அவர் இதுவரை ஒரு தடவைகூட நின்று திரும்பிப் பார்த்ததில்லை. இடது பாதங்கள் அச்சு எடுத்த மாதிரி பதிந்திருந்தன. வலது பாதம் ஒவ்வொன்றுக்கும் முன்னால், யாரோ விரலை வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு. படுகையின் கடைசிக்குப் போகப் போகக் கோடு நீண்டுகொண்டே போயிற்று. அவர் மெதுவாகக் குந்தினார். கடைசித் தடத்தின் கோட்டில் சுட்டுவிரலை வைத்து, அது முடிகிற இடம் வரை கொண்டுபோனார்.

"களைப்பா வந்திருப்பீங்க" என்றார் லட்சுமணன். "தேச்சிட்டு இன்னொரு தபா போலாமா? இல்ல இப்டியே பிளாஸ்டர் ஊத்திடட்டுமா?"

ரூத் படுகையின் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். கத்துவதற்கு நிறைய வைத்திருந்தாள். வந்தது மெதுவாகத்தான் வந்தது.

"ஜெனிட்டாப்பா. நாளைக்கி பஸ்ஸ எடுக்கப்போறியா?"

ஜெரோம் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். விரலில் ஒட்டியிருந்த களிமண்ணை வெள்ளைச் சட்டையிலேயே துடைத்தார். சுருட்டிய பேண்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டார், ஒரு கால், பிறகு இன்னொரு கால். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒட்டகச்சிவிங்கியைச் சுற்றிக்கொண்டு, பாதி தூக்கியிருந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போனார். லட்சுமணன் ரூத்தைப் பார்த்தார்.

வெளியே வெயிலில் ஸ்கூட்டி நின்றுகொண்டிருந்தது. ஜெரோம் அதன் பக்கத்தில் போய் ஹேண்டில்பாரில் கை வைத்தார், எடுத்தார். கண்ணாடியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, வார் மாட்டி, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.